இல்லாத எலி

எலி கிடைத்த அன்றைக்கே வில்ஃப் டன்னார்ட் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒரு தொல்லையும் வந்திருக்காது. ஆனால் அவர் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். ஏதோ ஒரு பிள்ளை இருக்கையில் விட்டுப்போன ஒற்றைக் கையுறையைக் கூட மூன்று கிராமம் சுற்றி உரிய வீட்டில் சேர்த்தவர். அந்தப் புத்தி ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

ஓய்வு பெற்றால் ஸ்கெல்டிங் ஊர் ஆண்கள் ஒன்று பந்தயப் புறா வளர்ப்பார்கள், இல்லையென்றால் மதுக்கடையில் கணப்புக்குப் பக்கமாக இடம் பிடித்து உட்கார்ந்து தேய்வார்கள். வில்ஃப் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினார். ஆப்ரி கிரமிட்டின் வயல்களில் அதை வீசி வீசி நடந்தார். ஆப்ரி எழுபது வயது விவசாயி. இருவரும் நாற்பது வருஷச் சிநேகிதர்கள். அதாவது நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருப்பவர்கள். ஆறு வருஷத்தில் வில்ஃப் அந்த மண்ணிலிருந்து எடுத்தவை: பீர் டின்களின் வளையங்கள், தோட்டாக் குப்பிகள், விக்டோரியா ராணியின் மூக்குத் தேய்ந்த செப்புக் காசு ஒன்பது, அப்புறம் எண்ணிலடங்காத திருகு மரைகள்.

"என் டிராக்டர்லேர்ந்து கழண்டு விழுந்ததை எல்லாம் சேத்தா இன்னொரு டிராக்டர் பண்ணிடலாம் போலிருக்கே," என்பார் ஆப்ரி. "அதையும் நீயே வச்சு ஓட்டு."

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை காலை. 'நாற்பது ஏக்கர்' என்று பேர் கொண்ட, அளந்து பார்த்தால் முப்பத்தொரு ஏக்கரே இருக்கிற வயலில், டிடெக்டர் வழக்கமாகக் கரகரக்காமல் குயில் மாதிரி ஒரு குரல் கொடுத்தது. வில்ஃப் மண்டியிட்டுச் சின்னக் கரண்டியால் தோண்டினார். ஒரு சாணுக்கு மேல் கொஞ்சம் ஆழத்தில் களிமண் உருண்டை ஒன்று. விரலால் துடைத்ததும் இரண்டு காதுகள் வெளியே வந்தன. அப்புறம் மூக்கு. பின்னங்காலில் குந்தி, முன்னங்கால்களில் எதையோ பிடித்துக் கொறித்துக்கொண்டிருந்தது கட்டைவிரல் உயரச் சுண்டெலி. வெண்கலம். ஆயிரத்து எழுநூறு வருஷம் மண்ணுக்குள் கிடந்து பாசிப்பச்சையாகியிருந்தது. ஆனால் கொறிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வில்ஃபுக்கு முழங்கால் நனைந்தது தெரியவில்லை. கீழைக்காற்று காதை அறுத்ததும் தெரியவில்லை. உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். இதற்கு முன் இதைத் தொட்டவன் தன்னைப் போலவே குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பான் என்று ஏனோ தோன்றியது.

ஆப்ரி வந்து பார்த்தார். "எலி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல எலி," என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு எதற்கும் வந்ததில்லை. "நீயே வச்சுக்கோ. ஆனா நாளைக்கு ஏதாச்சும் ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டேன்னு மட்டும் வந்து நிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்."

வீட்டில் மனைவி ஹேஸல், "சாப்பிடற மேஜையில எலியா? எடு முதல்ல," என்றாள். பிறகு அவளே அதைத் தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் வைத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தாள். "பிஸ்கட்டு தின்னுது," என்று முடிவு சொன்னாள்.

மூன்றே நாளில், செவ்வாய்க்கிழமை, வில்ஃப் ஆபீஸில் போய்ச் சொல்லிவிட்டார்.

*

மாவட்டப் பழம்பொருள் பதிவகம் ஹாக்ஸ்பி நகரில், மூடிப்போன ஒரு வங்கியின் மாடியில் இருந்தது. 'நேற்றை நாளைக்காகக் காக்கிறோம்' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை காத்தார்கள்.

பதிவாளர் ஃபெனெல்லா பாஸ்க்குக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எலியைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தார்.

"பொருள் தொலைஞ்ச தேதி?"

"தொலைஞ்சதுன்னா... ரோமானியர் காலம் மேடம்."

"தேதி, மாசம், வருஷம்னு மூணு கட்டம் இருக்கு."

"உத்தேசமா மூணாம் நூற்றாண்டுன்னு..."

"தேதி தெரியலன்னா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கலாம். வருஷம்..." பதிவாளர் தட்டினார். கணினி கொக்கரித்தது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முந்தி ஏத்துக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரம்னே போட்டுடறேன். உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

வில்ஃபுக்கு ஆட்சேபணை இல்லை.

"தொலைச்சவருக்குத் தகவல் சொல்ல முயற்சி எடுத்தீங்களா?"

வில்ஃப் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "இல்ல மேடம். எடுக்கல."

"எடுக்கலன்னு எழுதறேன்." ஃபெனெல்லா கையுறை போட்டுக்கொண்டு எலியை ஒரு படம் எடுத்து, ஒரு சின்னப் பையில் போட்டார். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டார். அதை ஒரு பெட்டியில் வைத்து, பெட்டிமேல் எண் ஒட்டினார். "குழு உங்களைக் கூப்பிடும்," என்றார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது. பின்னால் அலமாரியில் அதே மாதிரிப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

*

குழுவின் பெயர் சூழல் மீட்புக் குழு. ஏழு பேர். தலைவர் பேராசிரியர் குவென்டின் ஹார்பாட்டில். வெள்ளைப் புருவமும், பேசும்போது எதிரே இருப்பவரின் தலைக்கு மேலே ஓர் அடி தள்ளிப் பார்க்கிற பழக்கமும் உள்ளவர். வில்ஃபை மேஜையின் கோடியில், மற்ற நாற்காலிகளைவிடக் கொஞ்சம் தாழ்வான நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"மிஸ்டர் டன்னார்ட், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று ஆரம்பித்தார் பேராசிரியர். "உங்களை மாதிரி சாமானியர்களோட ஆர்வத்தை நாங்க ரொம்ப மதிக்கறோம். அது இல்லாம இருந்தா இன்னும் அதிகமா மதிப்போம்."

"நன்றி ஐயா."

"நீங்க என்னமோ ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்ததா நினைச்சுட்டிருக்கீங்க. பொருள்ங்கறது ஒண்ணுமே இல்ல. மண்ணுல அது கிடந்த விதம், அதைச் சுத்தி இருந்தது, அதுதான் சூழல். அதுல இருந்த தகவலை நீங்க அழிச்சுட்டீங்க."

"என்ன தகவல் ஐயா அது?"

"அதை எப்படிச் சொல்ல முடியும்? நீங்கதான் அழிச்சுட்டீங்களே!"

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

"நான் நாற்பது வருஷமா இந்த மாவட்டத்து ரோமானியர் காலத்தைக் கரைச்சுக் குடிச்சவன். பதினாலு புத்தகம் எழுதியிருக்கேன். என்னிக்காவது ஒரே ஒரு பொருளைக் கண்டெடுத்திருக்கேனா? கிடையாது. அவ்வளவு கட்டுப்பாடு! நீங்க ஒரு சனிக்கிழமை காலையில, சாப்பாட்டுக்கு முந்தி, எடுத்துட்டு வந்துட்டீங்க." பேராசிரியரின் குரல் தழுதழுத்தது. அது கோபமா, வேறு ஏதாவதா என்று வில்ஃபால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தப்புதான் ஐயா. இப்ப என்ன பண்ணணும்?"

பேராசிரியர் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். பொருளைச் சூழலில் மீண்டும் சேர்ப்பது. அதாவது எடுத்த இடத்தில், எடுத்த ஆழத்தில், எடுத்த திசை பார்த்து வில்ஃபே அதைப் புதைப்பது. பிறகு தகுதியுள்ளவர்கள் முறைப்படி அகழ்ந்து அதைக் கண்டுபிடிப்பது. அது வரைக்கும் வயலில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

"மறுபடி புதைக்கறதா?" என்றார் வில்ஃப். தன் காதை அவர் நம்பவில்லை.

"புதைக்கறது இல்ல," என்று திருத்தினார் பேராசிரியர். "கண்டெடுக்காம இருக்கறது."

*

இந்த மாவட்டத்தில் எதையாவது புதைப்பதற்கு அனுமதி தரும் அதிகாரம் ஒரே ஒரு துறைக்குத்தான் உண்டு. அது கல்லறைத் துறை. வில்ஃப் தொலைபேசியில் நாற்பது நிமிஷம் காத்திருந்து அவர்களைப் பிடித்தார்.

"முதல்ல எங்க ஆழ்ந்த அனுதாபம்," என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். "இறந்தவர் பேர்?"

"பேர் கிடையாதும்மா. வெண்கலம்."

"மிஸ்டர் வெண்கலம். வயசு?"

"ஆயிரத்து எழுநூறு இருக்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். "நல்லா வாழ்ந்திருக்கார். மதம்?"

வில்ஃப் எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். எல்லாம் சரி, ஆனால் ஆறடிக்குக் குறைந்து புதைத்தால் செல்லாது என்றாள். குழுவோ இருபத்தேழு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் கூடக் குறையாமல் என்றது. இரண்டு அலுவலகமும் மூன்று வாரம் கடிதம் எழுதிக்கொண்டன. கடைசியில் எலியை 'அஸ்தி' என்று வகைப்படுத்தினார்கள். அஸ்திக்கு ஆழக் கட்டுப்பாடு இல்லையாம்.

இந்த மூன்று வாரமும் 'நாற்பது ஏக்கரை'ச் சுற்றி முளைக்குச்சி அடித்து மஞ்சள் நாடா கட்டியிருந்தது. மார்ச் முடியப் போகிறது. ஆப்ரியின் கொட்டகையில் பீட் கிழங்கு விதை மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இலையுதிர் காலத்தில் சர்க்கரை ஆலைக்கு லாரி லாரியாக பீட் போக வேண்டும். போகாவிட்டால் அடுத்த வருஷம் ஆலை இவரைக் கூப்பிடாது, பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிடும்.

"சொன்னேனா இல்லையா?" என்றார் ஆப்ரி. நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று தன் வயலைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எலியை எடுத்தோமா, சட்டைப் பையில போட்டோமான்னு இல்லாம. எங்கப்பன் காலத்துல இந்த வயல்ல ஜெர்மன்காரன் குண்டு போட்டான். மறுநாளே குழியை மூடிட்டு உழவு ஓட்டினாராம். ஒரு எலி படுத்தற பாட்டைப் பாரு."

"மன்னிச்சுக்கோ ஆப்ரி."

"மன்னிப்பை விதைச்சா முளைக்குமா?" என்றார் ஆப்ரி. அன்றைக்கு வழக்கம்போல் தேநீருக்குக் கூப்பிடவில்லை. நாற்பது வருஷத்தில் அது முதல் தடவை. வில்ஃப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை மழைத் தூறலில் எலியை அடக்கம் செய்தார்கள். ஃபெனெல்லா பாஸ்க் அளவுகோலும் திசைகாட்டியுமாக சாட்சிக்கு வந்திருந்தார். தேவாலயக் கோபுரமும் மின்கம்பமும் ஒரே கோட்டில் தெரிகிற இடம், வரப்பிலிருந்து அறுபத்தெட்டு தப்படி. வில்ஃப் தோண்டினார், வைத்தார், மூடினார்.

"மூஞ்சி எந்தப் பக்கம் பாத்திருந்தது?"

"மேற்கேன்னு நினைக்கறேன்."

"'நினைக்கறேன்'னு போட முடியாது."

"மேற்கே."

ஃபெனெல்லா பதிவேட்டைத் திறந்து, எலியின் பெயருக்கு நேரே இருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'இன்னும் கண்டெடுக்கப்படவில்லை' என்று எழுதினார். வில்ஃப் கையில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளி விடுமுறை நாட்களில் எத்தனையோ சவ ஊர்வலங்களுக்கும் பேருந்து ஓட்டியிருக்கிறார். அதற்கெல்லாம் இவ்வளவு சங்கடப்பட்டதில்லை.

*

ஏப்ரலில் அகழாய்வு தொடங்கியது. வெள்ளைக் கூடாரம், ஆறு பணியாளர்கள், ஒரு கழிப்பறை வண்டி, நடுவில் மடக்கு நாற்காலியில் பேராசிரியர் ஹார்பாட்டில். வில்ஃப் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொதுமக்கள் பகுதியில் நின்றார். பொதுமக்கள் என்று வேறு யாரும் இல்லை.

கூடாரம் எலியிலிருந்து தொண்ணூறு அடி தள்ளி அடித்திருந்தது.

"ஐயா! பேராசிரியர் ஐயா!" என்று கத்தினார் வில்ஃப். "அங்க இல்லீங்க! இன்னும் இந்தப் பக்கம்! கோபுரத்துக்கு நேரா!"

பேராசிரியர் மெதுவாக நடந்து வந்தார். "மிஸ்டர் டன்னார்ட், நீங்க சொல்ற இடம் ரோமானியர் காலத்துல சதுப்பு. என் மூணாவது புத்தகத்துல நிரூபிச்சிருக்கேன். அங்க எலி இருந்திருக்க முடியாது. இந்த மேட்டுலதான் இருந்திருக்கணும்."

"ஆனா நான்தானே ஐயா போன வாரம் புதைச்சேன்!"

"அதனாலதான் உங்க வார்த்தையை எடுத்துக்க முடியாது. நீங்க சம்பந்தப்பட்ட தரப்பு. ஒரு பொருள் எங்க இருக்குங்கறதை எவன் வேணும்னாலும் சொல்லிடலாம். எங்க இருந்திருக்கணும்னு சொல்லத்தான் படிப்பு வேணும்."

"டிடெக்டரை வேணா ஒரு தடவை வீசிப் பாக்கட்டுமா?"

பேராசிரியரின் முகத்தில், சாப்பாட்டுத் தட்டில் முடி கிடந்தது போன்ற உணர்ச்சி தெரிந்தது. திரும்பிப் போய்விட்டார்.

ஃபெனெல்லா பாஸ்க் கூடாரத்தின் ஓரத்தில் குறிப்பேட்டுடன் நின்றிருந்தார். வில்ஃப் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். ஃபெனெல்லா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "நான் புதைச்சதுக்குத்தான் சாட்சி," என்றார். "எடுக்கறதுக்கு வேற சாட்சி. அங்க பாத்ததை இங்க சொன்னா என் வேலை போயிடும்." சொல்லிவிட்டுக் கோபுரத்தின் பக்கம் ஒரு கணம் பார்த்து, உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

பதினொரு நாள் தோண்டினார்கள். தோண்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பல்துலக்கும் தூரிகையால் மண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். மலையைக் கல்லி எலியைப் பிடித்தவர்களைப் பற்றி ஊரில் கேலியாகச் சொல்வார்கள். அவர்களாவது கடைசியில் ஓர் எலியைப் பிடித்தார்கள். இவர்கள் கையில் இருந்த எலியைக் கொடுத்துவிட்டு வயலைக் கல்லினார்கள்.

ஒன்பதாம் நாள் கூடாரத்துக்குள் ஒரே ஆரவாரம். தட்டில் வெல்வெட் துணி விரித்து எதையோ ஏந்தி வந்தார்கள். செம்பழுப்பில் மேல்வரிசைப் பற்கள் மொத்தமாக.

"பின்னாளைய சடங்குப் படையல்!" என்றார் பேராசிரியர்.

நாடாவருகே நின்றிருந்த ஆப்ரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யோவ், அது எங்கப்பன் பல்செட்டு! அறுபத்தொண்ணுல டிராக்டர்ல உக்காந்து தும்மினப்ப எகிறிப் போச்சு. சாகற வரைக்கும் அதுக்காக எங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டார். குடுங்க இங்க!"

"குடும்பத்தாரின் செவிவழி மரபு குறித்துக்கொள்ளப்பட்டது," என்றார் பேராசிரியர். பற்கள் பைக்குள் போயின. பை பெட்டிக்குள் போயிற்று. திரும்பக் கேட்க வேண்டுமானால் மனித எச்சங்களைத் திருப்பித் தருவதற்கான தனிப் படிவம் இருக்கிறது என்று ஆப்ரியிடம் சொன்னார்கள். ஆப்ரி சொன்ன பதிலுக்குப் படிவம் கிடையாது.

*

மே மாதம் முதல் வாரம், ஊர்க்கூடத்தில் இறுதி அமர்வு. ஊர்ப் பெண்கள் தேநீரும் பிளம் ரொட்டியும் வைத்திருந்தார்கள். குழுவினர் ஏழு பேரும் மேடைமேல். ஹேஸல் முதல் வரிசையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. ஆப்ரி கதவோரம் நின்றார்.

பேராசிரியர் முடிவை அறிவித்தார். அகழாய்வு மகத்தான வெற்றி. எலி கிடைக்கவில்லை. வில்ஃப் சொன்ன இடத்தில் எலி இருந்திருக்க முடியாது என்று மூன்றாவது புத்தகம் சொன்னது, இருந்திருக்க வேண்டிய மேட்டிலும் அது இல்லை. ஆகவே எலி என்று ஒன்று இருந்ததேயில்லை.

வில்ஃப் எழுந்தார். "படம் எடுத்தீங்களே ஐயா, ஆபீஸ்ல?"

"பக்கத்துல அளவுகோல் வைக்காத படம். அந்த மிருகம் மாடு அளவு கூட இருந்திருக்கலாம்."

"பதிவேட்டுல இருக்கே?"

"இன்னும் கண்டெடுக்கப்படவில்லைன்னு இருக்கு. நாங்களும் அதையேதான் சொல்றோம்."

அங்கங்கே சிரிப்பு எழுந்தது. வில்ஃபுக்குக் காது சிவந்தது. அறுபத்து நாலு வயதில் ஊர் முன்னால் பொய்யன் என்று நின்றார். முன்னூறு பிள்ளைகளின் பெற்றோர் ஒரு நாளும் அவர் வார்த்தையைச் சந்தேகித்ததில்லை.

பேராசிரியர் இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தார். "நாங்க நியாயமானவங்க. ரெண்டு வழி இருக்கு. எலி இருக்குன்னு நீங்க சாதிச்சா, முழு வயலையும் இதே தரத்துல அகழ்ந்து பாக்கறது எங்க கடமை. கணக்குப் போட்டிருக்கோம். ஞாயித்துக்கிழமையும் வேலை பாத்தா முன்னூத்திப் பதினைஞ்சு வருஷம். அது வரைக்கும் நாடா இருக்கும். இல்லேன்னா, 'நான் இந்த வயலில் எதையும் கண்டெடுக்கவில்லை'ன்னு கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கே நாடாவை அவுத்துக்கலாம்."

வில்ஃப் திரும்பி ஆப்ரியைப் பார்த்தார். ஆப்ரி சன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் வெயில் அடித்து மண் பதமாகியிருந்தது. இந்த வாரம் விதைத்தால் உண்டு, விட்டால் இல்லை. அது வில்ஃபுக்கும் தெரியும். வாயைத் திறந்து கேட்டிருந்தால் கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"உன் இஷ்டம் வில்ஃப்," என்றார் ஆப்ரி கடைசியில். "நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

வில்ஃப் மேடையேறி, பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து எப்போதும் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி உருண்டையாக இருக்கும். அன்றைக்குக் கோணிக்கொண்டது. அவர் வாழ்க்கையில் எழுத்து மூலமாகச் சொன்ன முதல் பொய்யை ஏழு பேர் சாட்சிக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, நகல் கொடுத்தார்கள்.

"உங்க நேர்மைக்கு நன்றி," என்றார் பேராசிரியர்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹேஸல் வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பொய் சொல்லல," என்றாள். "அவங்க பொய்க்குக் கீழ கையெழுத்துதான் போட்ட. அதுவும் ஆப்ரிக்காக. பேசாம வா."

*

மறுநாள் காலை பணியாளர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஆப்ரி விதைக் கருவியை டிராக்டரில் மாட்டிக்கொண்டு வயல் தலைப்பில் நின்றார். வில்ஃப் வெறுங்கையோடு வந்தார்.

"டிடெக்டர் எங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே ஆப்ரி."

"என்னன்னு போட்ட?"

"இந்த வயல்ல ஒண்ணும் இல்லைன்னு."

"அப்ப இல்லாததை எடுக்க எவன்கிட்ட அனுமதி கேக்கணும்?" ஆப்ரி டிராக்டரிலிருந்து ஒரு மண்வெட்டியை உருவி நீட்டினார். "பத்து நிமிஷம் தரேன். அதுக்கப்புறம் நான் விதைக்கப் போயிடுவேன், எலியாவது கழுதையாவது."

வில்ஃபுக்கு இந்தத் தர்க்கம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் ஓடினார். பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைக் கண்டித்தே பழகிய மனிதர், சேற்றில் தடுக்கித் தடுக்கி ஓடினார். கோபுரமும் கம்பமும் ஒரே கோடு, வரப்பிலிருந்து அறுபத்தெட்டு தப்படி. நான்கே வெட்டு. மேற்கே பார்த்துக் குந்தியபடி அது கொறித்துக்கொண்டிருந்தது.

அவர் அதை ஆப்ரியிடமே கொடுத்தார். வயல் ஆப்ரியுடையது, அது நியாயம். ஆப்ரி அதை டிராக்டரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்து, உருளாமல் இருக்கக் களிமண்ணால் ஒட்டி, அன்று முழுக்க அதோடு விதைத்தார். மாலையில், "தேநீர் போட்டிருக்கேன், வரியா இல்லையா?" என்று கேட்டார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. பீட் செடி கணுக்கால் உயரம் வந்துவிட்டது. ஆப்ரியின் முற்றத்தில் வில்ஃபும் ஹேஸலும் உட்கார்ந்திருந்தபோது பதிவகத்தின் சின்னக் கார் வந்து நின்றது. ஃபெனெல்லா பாஸ்க் இறங்கினார்.

"மஞ்சள் நாடாவும் முளைக்குச்சி பன்னெண்டும் எங்க சொத்து. எடுத்துட்டுப் போகணும்," என்றவர் டிராக்டரைத் தாண்டும்போது அப்படியே நின்றுவிட்டார்.

ஆப்ரி எழுந்து டிராக்டருக்கு முன்னால் மறைத்து நின்றார். அவர் அகலத்துக்கு எலியை மறைக்கலாம். ஆனால் முன்கண்ணாடி அவர் தலைக்கு மேலே இருந்தது.

"அது என்னது?" என்றார் ஃபெனெல்லா.

"எது?" என்றார் ஆப்ரி. "அங்க ஒண்ணும் இல்லையே. உங்க முத்திரை குத்தின தாளே இருக்கு வீட்டுல. கொண்டு வரவா?"

ஃபெனெல்லா சாலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அந்த இல்லாததை ஒரு தடவை கையில வாங்கிப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

வில்ஃப் எடுத்துக் கொடுத்தார். ஃபெனெல்லா கையுறை போடவில்லை. உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பி, வாலின் அடியில் இருந்த சின்ன முளையைக் கட்டைவிரலால் தடவினார். குரல் மாறிவிட்டது. "இது தனிப் பொம்மை இல்ல. எண்ணெய் விளக்கு மூடிமேல உக்கார வச்சிருந்தது. இந்த முளை அதுக்குள்ள சொருகும். திரியைத்தான் கொறிக்குது, பாருங்க. ராத்திரி விளக்குல இருக்கற எண்ணெயைக் குடிக்க எலி வரும் இல்லையா, எவனோ ஒரு கன்னான் அதை வேடிக்கையா செஞ்சிருக்கான். விளக்கு ஏத்தினா எலியோட நிழல் சுவத்துல பெரிசா விழும். குழந்தைங்க சிரிச்சிருக்கும்."

"பிஸ்கட்டு இல்லையா?" என்றாள் ஹேஸல்.

"இல்லீங்க." ஃபெனெல்லா சிரித்தார். "மூணு வருஷம் இதைப் பத்தித்தான் படிச்சேன். விளக்குல வைக்கற சின்ன மிருகங்கள். அப்புறம் இந்த வேலை கிடைச்சது. ஏழு வருஷமா பெட்டிமேல எண் ஒட்டறேன். ஒண்ணைக்கூட இப்படி வச்சுப் பாத்ததில்ல."

வில்ஃப் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். ஹேஸல் தேநீர் ஊற்றினாள். வில்ஃப் தன் ஒன்பது செப்புக் காசையும், இத்தனை நாள் மரை என்று எறிந்துவைத்திருந்த டப்பாவையும் கொண்டுவந்து கொட்டினார். ஃபெனெல்லா ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது மரைதான். இதுவும் மரைதான். இது மரை இல்லை. வெயில் சாயும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது கடமை நினைவு வந்து முளைக்குச்சிகளை எண்ணினார். பதினொன்றுதான் இருந்தது.

"இருங்க, இருங்க," என்று ஆப்ரி கொட்டகைக்குள் போய், கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பன்னிரண்டாவதைக் கொண்டுவந்து நீட்டினார். பதிவகத்தின் முத்திரை அதில் பளிச்சென்று தெரிந்தது.

ஃபெனெல்லா அதை நன்றாகப் பார்த்தார்.

"இது எங்களுது இல்ல," என்றார். "ஒண்ணு குறையுது. அடுத்த சனிக்கிழமை வந்துதான் தேடணும்."